சந்திரமுகி மறுத்த பரிசு

1

பிமல் ராயின் ‘தேவதாஸ்’ (1955) படத்தில் ஒரு காட்சி. கிராமத்துப் பாதையில் ஒரு பல்லக்கு வருகிறது; உள்ளே பாரு. எதிர்த்திசையில் சந்திரமுகி நடந்து வருகிறாள். ஒருத்தி ஜமீன் வீட்டு எஜமானி. இன்னொருத்தி கல்கத்தாவில் ஆட்டத்தையும் வாடிக்கைக்காரர்களையும் விட்டுவிட்டு வந்தவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சே இல்லை. பல்லக்கு ஒரு பக்கம், கால்நடை ஒரு பக்கம், அவ்வளவுதான். ஒரே ஆணை நேசித்த இரண்டு பெண்கள் என்று கதையாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது ஒரே சமூகம் இரண்டாகப் பிளந்து வைத்த ஒரே பெண்ணாகத்தான் படுகிறது.

பாருவாக நடித்தவர் சுசித்ரா சென். சந்திரமுகியாக நடித்தவர் நம் திருவல்லிக்கேணி வைஜெயந்திமாலா. அந்தப் படத்துக்காக ஃபிலிம்ஃபேர் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான பரிசை அறிவித்தது. அவர் வாங்க மறுத்தார். சந்திரமுகி பாருவுக்குத் துணைப் பாத்திரமல்ல, இணையான பாத்திரம் என்பது அவர் சொன்ன காரணம்.

சினிமாப் பத்திரிகைகள் இதை இன்றுவரை ஒரு நட்சத்திரத்தின் பிடிவாதம் என்ற அளவில்தான் எழுதிவருகின்றன. அது பிடிவாதமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு செயலின் அர்த்தம் அதைச் செய்தவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று நாம் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம்! அதை இந்த இடத்தில் கொஞ்சம் பொருத்திப் பார்க்கலாமே. மனைவிக்குத் தாசி துணையா, இணையா? அந்தப் பரிசு மறுப்புக்குள் இருக்கிற கேள்வி இதுதான். இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டசபையில், சபாக்களில், நாவலில், மேடையில் பதில் தேடியிருக்கிறார்கள். வைஜெயந்திமாலாவின் வாழ்க்கையை அந்தத் தேடலின் பின்னணியில் வைத்து வாசிப்பதே இக்கட்டுரை.

2

முதலில் நான் எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பம் தஞ்சைப் பக்கம். பாட்டியின் பெரியம்மா சதிர் ஆடியவர். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான், அதுவும் அரைகுறையாகத் தெரியவந்தது.

என் சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958). பத்மினிக்கும் வைஜெயந்திமாலாவுக்கும் நடக்கிற அந்தப் போட்டி நடனம். பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் கால்கள் வேகமெடுத்தபோது முறம் நின்றுவிட்டது. பாட்டியின் வலது பாதம் தரையில் தட்ட ஆரம்பித்தது. உதடு சொற்கட்டைச் சொல்லிற்று. நான் திரும்பிப் பார்த்ததைக் கண்டதும் எல்லாம் நின்றுபோயிற்று. “என்ன பாட்டி?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா, கால் மரத்துப்போச்சு” என்றாள்.

அந்தக் கால் எப்போது மரத்துப்போனது, யார் மரக்கவைத்தார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதினார். இருவருமே அந்த வாழ்வின் வலியை அருகிலிருந்து அறிந்தவர்கள். 1947இல் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் தடை செய்யப்பட்டதோடு, கோயில் வளாகத்திலும் உற்சவ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதும் சட்டவிரோதமாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் நான் எம்.ஏ. படித்திருக்க மாட்டேன், இந்தக் கட்டுரையும் வந்திருக்காது. தேவதாசி முறைக்கு ஏக்கப் பெருமூச்சு விடுகிற கலாரசனைக் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை. பொட்டுக்கட்டிக்கொள்ளாத வீடுகளின் பெரிய மனிதர்களெல்லாம் பொட்டுக்கட்டுதலின் தெய்வீகத்தைப் பேசியபோது, ராமாமிர்தம் அம்மையார் எழுதியது பதிலாக மட்டுமில்லை, சவுக்கடியாகவும் இருந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. சென்னை மியூசிக் அகாடமியும் இ. கிருஷ்ண ஐயரும் சதிரைப் ‘பரதநாட்டியம்’ என்ற பெயரில் சபாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தொடங்கியது. ஆட்டம் காப்பாற்றப்பட்டது, சரி. ஆடியவள்? சட்டம் அவளை வழக்கத்திலிருந்து விடுவித்தது. சபா அவளை ஆட்டத்திலிருந்தே விடுவித்துவிட்டது! பெயர், உடை, மேடை ஒழுங்கு எல்லாம் மாறிற்று. சிருங்காரம் கழுவி பக்தியாகக் காயவைக்கப்பட்டது. நட்டுவனார்கள் மட்டும் தேவைப்பட்டார்கள், ஏனென்றால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. அதே குடும்பத்து ஆண்கள் குருக்களானார்கள். பெண்கள் எங்கள் பாட்டி மாதிரி முறம் பிடித்தார்கள். பாலசரஸ்வதி போன்ற ஓரிருவர் நின்று காட்டினார்கள். அவர்கள் விதிவிலக்குகள். விதி வேறாகத்தான் இருந்தது.

3

இந்த விதி எழுதப்பட்டுக்கொண்டிருந்த 1930களில்தான் திருவல்லிக்கேணி ஐயங்கார் குடும்பமொன்றில் வைஜெயந்திமாலா பிறக்கிறார். பாட்டி யதுகிரி தேவியின் கண்டிப்பில் வளர்கிறார். இசை வேளாளரான வழுவூர் ராமையா பிள்ளையிடம் ஆட்டம் கற்கிறார். 1940இல் சிறுமியாக இருக்கும்போதே வாடிகனில் போப்பாண்டவர் முன்னிலையில் ஆடுகிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ‘அந்த வீட்டுப் பெண்கள்’ மட்டுமே ஆடிய ஒன்று, இப்போது ரோமாபுரிவரை எடுத்துச்செல்லத் தக்க பண்பாடாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு பெரிய பாய்ச்சல்!

அம்மா வசுந்தரா தேவி ஏற்கனவே நடிகை. ஜெமினியின் ‘மங்கம்மா சபதம்’ (1943) படத்தில், பத்தினியான மங்கம்மா தன் சபதத்தை முடிக்க ஆட்டக்காரியாக வேஷம் போட்டு இளவரசனை மயக்க வேண்டியிருக்கிறது. பத்தினி தாசி வேஷம் போடலாம், கலைத்துவிடவும் செய்யலாம். தாசிக்குப் பத்தினி வேஷம் வாய்ப்பதுமில்லை, வாய்த்தால் நிலைப்பதுமில்லை. மகளின் திரைவாழ்க்கை முழுவதிலும் ஓடப்போகிற முரண் அம்மாவின் படத்திலேயே வந்துவிட்டது.

ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’ (1949) வைஜெயந்திமாலாவின் முதல் படம். அதன் இந்தி வடிவம் ‘பஹார்’ (1951). தன் குரலிலேயே பேசவேண்டும் என்பதற்காக இந்திப் பிரச்சார சபாவில் இந்தி படித்தார். இந்திக்கு எதிராகச் சிறை நிரம்பிய மாகாணத்திலிருந்து ஒரு பெண் இந்தி கற்றுக்கொண்டு பம்பாய்க்குப் போய் வெல்கிறாள். அவளை அங்கே வெல்லவைத்தது மொழியைவிட அதிகமாகக் கால்தான். ‘நாகின்’ (1954) பெரிய வெற்றி பெற்றது. அந்தப் படத்தின் மகுடி இசை வடநாட்டுத் தெருவெல்லாம் ஒலித்தது. அதற்கு முன் இந்திப் படத்தில் ஆடுகிறவள் ஒருத்தி, கதாநாயகி இன்னொருத்தி என்று பெரும்பாலும் பிரித்தே வைத்திருந்தார்கள். முறையாகப் பயின்ற ஆட்டத்தைக் கதாநாயகியின் இலக்கணமாக்கியதில் வைஜெயந்திமாலாவுக்குப் பெரிய பங்குண்டு. பத்மினி, வஹீதா ரெஹ்மான், ஹேமமாலினி, ஸ்ரீதேவி எல்லாம் அந்தத் தடத்தில் போனவர்கள்.

‘நியூ டெல்லி’ (1956) படத்தில் அவர் தில்லியில் வாழும் தமிழ்ப் பெண், பரதநாட்டியம் ஆடுகிறவள். பஞ்சாபி இளைஞன் (கிஷோர் குமார்) வாடகை வீட்டுக்காகத் தமிழன் வேஷம் போடுகிறான். மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்ட அதே ஆண்டில் வந்த ஒருமைப்பாட்டு நகைச்சுவை. பரதநாட்டியம் இங்கே ‘தென்னாட்டு நல்ல குடும்பம்’ என்பதற்கான அடையாளச் சீட்டு. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னே இதே ஆட்டம் அதற்கு நேர் எதிரான சீட்டாக இருந்தது என்பதைப் படம் பார்த்த யாராவது நினைத்திருப்பார்களா?

சரி, மரியாதை வந்துவிட்டது. ஆனால் பம்பாய் சினிமா இந்த மரியாதைப்பட்ட உடலுக்கு அளித்த பேர்சொல்லும் வேஷங்கள் என்ன? ‘தேவதாஸ்’ (1955): தாசி. ‘சாதனா’ (1958): தாசி. ‘ஆம்ரபாலி’ (1966): வைசாலியின் நகரவது, அதாவது ஊர்ப்பொது நர்த்தகி. நடுவில் ‘மதுமதி’ (1958), அவதி வட்டார மொழி பேசி நடித்த ‘கங்கா ஜமுனா’ (1961), ‘சங்கம்’ (1964) என்று வேறுவகைப் படங்கள் நிறையவே இருக்கின்றன. வெறும் தாசி வேஷக்காரி என்று அவரைச் சுருக்க நான் வரவில்லை. ஆனால் சபா எதைக் கழுவி வெளியேற்றியதோ அதையே சினிமா திரும்ப அழைத்து, கழுவப்பட்ட உடலின்மேல் போர்த்தியது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆட்டம் ஒரு வீட்டுக்கு, அவமானம் இன்னொரு வீட்டுக்கு என்று மெட்ராஸ் பங்கு பிரித்தது. அந்த இரண்டு பங்கையும் பம்பாய் ஒரே பெண்ணின் உடலில் மறுபடி சேர்த்து வைத்துப் பார்த்தது, காசு கொடுத்து.

4

இதற்கு வடக்கில் ஒரு எதிர்ப்படம் உண்டு. அங்கேயும் தவாயிஃப்கள் இருந்தார்கள். இசையும் ஆட்டமும் அவர்களிடம் இருந்தன. அங்கேயும் சுத்திகரிப்பு நடந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அகில இந்திய வானொலி, ‘ஒழுக்கம்’ என்ற அளவுகோலை வைத்து அந்தப் பாடகிகளுக்குக் கதவை மூடியது. தவாயிஃப் மரபில் வந்த ஜத்தன் பாய் இந்தி சினிமாவின் முதல் பெண் இசையமைப்பாளர்களில், தயாரிப்பாளர்களில் ஒருவர். அவருடைய மகள் நர்கிஸ்.

1957இல் நர்கிஸ் ‘மதர் இந்தியா’ ஆகிறார். ஊர்ப் பெண்ணின் மானத்துக்காகப் பெற்ற மகனையே சுடுகிற தாய், தேசத்துக்கே அன்னை. 1958இல் வைஜெயந்திமாலா ‘சாதனா’வில் சம்பாபாய் ஆகிறார். தவாயிஃபின் மகள் பாரத மாதா. ஐயங்கார் வீட்டு மகள் தவாயிஃப். வேஷம் எவ்வளவு வெறும் வேஷம், சாதியும் பிறப்பும் ‘ஒழுக்கமும்’ எவ்வளவு கட்டமைக்கப்பட்டவை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றைச் சினிமா தந்ததில்லை. ஆனால் இந்த இடமாற்றத்தில் இருவருக்கும் ஒரே ரிஸ்க் இல்லை. ஐயங்கார் பெண் தாசியாக நடித்தால் அது நடிப்பு. படம் முடிந்ததும் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தவாயிஃபின் மகள் அன்னையாக நடித்தால் அது நடிப்பாக மட்டும் இருக்க முடியாது. அவர் அதை வாழ்ந்துகாட்டி வாழ்நாளெல்லாம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

‘சாதனா’வின் கதையே இதுதான். உயிருக்குப் போராடும் தாய்க்கு மருமகளைக் காட்ட வேண்டும். மகன் மோகனுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை. அதனால் சம்பாபாய் என்ற தாசியைப் பணம் பேசி மருமகளாக நடிக்க அழைத்து வருகிறார்கள். அவள் நடிக்கிறாள், நடிக்க நடிக்க அதுவே அவளாகிறாள், உண்மை வெளிப்பட்டதும் வெளியே தள்ளப்படுகிறாள். பி.ஆர். சோப்ரா அவளை வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். 1958இல் அது துணிச்சல்தான். அந்தப் படத்துக்காக சாஹிர் லூதியான்வி எழுதிய பாடல் ஆண்களைப் பெற்றவளையே ஆண்கள் சந்தைப்படுத்தியதைக் கேட்கிறது. ஆனால் படத்தின் நிபந்தனை என்ன? அவள் ஆட்டத்தை விட வேண்டும். சந்திரமுகியும் ஆட்டத்தை விட்ட பிறகுதான் நல்லவளாகிறாள். ஆம்ரபாலி துறவியாகிறாள். மூன்று படங்களும் அவளை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, ஆடியதற்காக அவளைத் திருத்துகின்றன. லாரா மல்வி 1975இல் எழுதிய ஆண் நோக்கு பற்றிய கட்டுரையை நம்மில் பலர் மேற்கோள் காட்டியிருக்கிறோம். ஆனால் இங்கே காமிரா பார்க்க மட்டும் செய்யவில்லை, உபதேசமும் செய்கிறது. நவாபின் திண்டில் சாய்ந்து பார்க்கிற பார்வையாளனே கடைசி ரீலில் சமூகச் சீர்திருத்தவாதியாக எழுந்து போகிறான். ஒரே டிக்கெட்டில் இரண்டு சுகம்.

விதிவிலக்கும் உண்டு. செங்கல்பட்டில் பிறந்த முஸ்லிம் பெண் வஹீதா ரெஹ்மான். அவரும் பரதம் பயின்றவர். ஆர்.கே. நாராயணின் நாவலிலிருந்து எடுத்த ‘கைடு’ (1965) படத்தில் அவர் தேவதாசியின் மகள் ரோஸி. மரியாதைக்காகச் செய்துகொண்ட கல்யாணத்தை விட்டு வெளியேறி ஆடப்போகிறாள்; திருந்தும்படி படம் அவளிடம் கேட்பதில்லை. ஆனால் அவளும் மேடையில் ரோஸியாக ஏற முடியாது. நளினி என்று பெயரை மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். சதிருக்குப் பரதநாட்டியம் என்று பெயர் வைத்தது மாதிரிதான்.

5

தமிழ் படித்தவளுக்கு இங்கே மாதவி நினைவுக்கு வராமல் இருப்பாளா? ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் தருகிறான். அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அந்த மாலை கூனி ஒருத்தியின் கையில் நகர வீதிக்கு வருகிறது. மாலையை வாங்குகிறவன் மாதவிக்கு மணாளன் என்பது ஏற்பாடு. கோவலன் வாங்குகிறான்.

எம்.ஏ. வகுப்பில் அரங்கேற்று காதையை எங்களுக்கு நடத்தியவர் யாழ், குழல், அரங்கின் நீள அகலம் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மாலைக்கு வந்ததும் “இது அக்கால வழக்கம்” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். திருப்பக்கூடாத பக்கம் அது. கலைக்குத் தந்த பரிசு உடலுக்கு விலைச்சீட்டாக மாறுகிற இடம். ஆட்டக்காரிக்குப் பரிசு கொடுப்பதும் அவளுக்கு இன்ன இடம் என்று விலை குறிப்பதும் ஒரே கை செய்கிற ஒரே வேலை என்று இளங்கோ இரண்டாயிரம் வரி விளக்காமல் ஒரு மாலையை வைத்துக் காட்டிவிடுகிறார். மாதவி அந்த மாலையை மறுக்கவில்லை. மறுக்க அவளுக்கு இடமில்லை. பின்னால் மணிமேகலையில் அவள் பௌத்தத்துக்குப் போய்விடுகிறாள், ஆம்ரபாலியைப் போல.

சந்திரமுகிக்குக் கொடுத்த ‘துணை’ப் பரிசும் இத்தகைய ஒரு மாலைதான். நீ நன்றாக ஆடினாய், நன்றாக அழுதாய், ஆனால் உன் இடம் பல்லக்குக்கு வெளியே என்று அது சொல்கிறது. வைஜெயந்திமாலா அந்த மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் தன் நட்சத்திர அந்தஸ்துக்காகத்தான் மறுத்திருக்கலாம். எனினும் அவர் மறுத்த கணத்தில், பாருவும் சந்திரமுகியும் சமம் என்ற வாக்கியம் முதல்முறையாகப் பொதுவெளியில் சொல்லப்பட்டுவிட்டது. அதைச் சொல்ல ஒரு ஐயங்கார் பெண்ணால் முடிந்தது. மறுக்கக்கூடிய இடத்தில் அவர் இருந்தார். எங்கள் பாட்டியின் பெரியம்மா மறுத்திருந்தால் அதை யார் செய்தியாக்கியிருப்பார்கள்? இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் நாம் வாசிக்க வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை அடித்துவிடக்கூடாது.

6

1968இல் திருமணம். 1970களின் தொடக்கத்தோடு சினிமாவுக்கு முழுக்கு. பிறகு அவர் ‘தூய’ பரதநாட்டியத்துக்குத் திரும்பினார் என்று வரலாறு எழுதுகிறது. தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கால் கூசுகிறது என்றாலும், அந்தத் திரும்புதலில் உண்மையான உழைப்பு இருந்ததை மறைக்க முடியாது. தஞ்சை நால்வரின் வழிவந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் போய், புழக்கத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்த பழைய உருப்படிகளைத் தேடிக் கற்றார். 1982இல் சங்கீத நாடக அகாடமி விருது. இடையில் 1984லும் 1989லும் தென்சென்னைத் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி.; பிறகு மாநிலங்களவை நியமன உறுப்பினர்; 1999இல் பா.ஜ.க. 2024இல் பத்ம விபூஷண். அதே ஆண்டு தொண்ணூறு வயதில் அயோத்தி ராமர் கோயிலில் ஆடினார்.

இந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தபோது அந்த வயதிலும் தளராத அரைமண்டியைக் கண்டு மலைத்தேன், சும்மா சொல்லக்கூடாது. கூடவே இன்னொன்றும் தோன்றிற்று. 1947இல் கோயிலில் ஆடக்கூடாது என்று ஒரு சாரார் உடலுக்குச் சட்டம் போட்டோம். இன்று கோயிலில் ஆடுவது இன்னொரு சாராருக்குச் சேவை, தேச கௌரவம். ஆட்டம் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. ஆடியவர்களின் பேத்திகள் திரும்பவில்லை. கோயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது, அதனாலேயே கடினமானது.

பொட்டுக்கட்டாமல், திருந்தாமல், பெயரை மாற்றாமல், துறவு போகாமல், ‘துணை’யாக நிற்காமல் ஒரு பெண் ஆடலாமா? விடுதலை என்றால் ஆட்டத்திலிருந்து விடுதலை மட்டும்தானா, ஆடுவதற்கான விடுதலையும் உண்டா? நம் சீர்திருத்த மரபு முதல் பாதிக்குப் போராடி வென்றது. அந்த வெற்றியில் படித்து வந்தவள் நான், அதற்கு நன்றி சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டாம் பாதியை நாம் இன்னும் கையிலெடுக்கவில்லை. கலையை மேட்டுக்குடி சமாச்சாரம் என்று சபாக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்துவிட்டோம். அது எங்கள் பாட்டிகளின் சமாச்சாரமாக இருந்தது என்பதை மறந்தே போனோம்.

பாட்டி இறந்து சில வருஷங்களாகின்றன. ‘தேவதாஸ்’ படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்ததேயில்லை. பார்த்திருந்தால், பல்லக்கு கடந்து போகிற காட்சியில் அவள் எந்தப் பக்கம் பார்த்திருப்பாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டாலும் என்ன, கால் மரத்துப்போச்சு என்றுதான் சொல்லியிருப்பாள். அது மரத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்.